மூன்று கேள்விகளோடு அம்பத்தூரில் ஆறு நாள்

துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைக் கிளறினார். நான்கு சேலை, ஒரு டார்ச் லைட், மெர்சி அக்காவுக்கு இரண்டு பிஸ்கட் டின். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கட்டுத் தாள். மேலே இருந்ததை உருவி உரக்கப் படித்தார்.

"உங்கள் அணியில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாண விஷயமாம்மா?"

"வாலிபால் விஷயம்" என்றேன்.

நம்பவில்லை. ஆனாலும் போகச் சொல்லிவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம் அது. நான் ஈப்போவில் உடற்பயிற்சி ஆசிரியை. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மலேசியாவில். முப்பத்து நான்கு வயதில் வேலையையும் விடாமல் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டேன். அந்த நாளில் எங்கள் துறையில் காற்று திசை மாறியிருந்தது. அதுவரை ஆட்டக்காரனின் தொடையை அளந்து, மூச்சை அளந்து, எவ்வளவு உயரம் குதிக்கிறான் என்று சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள், திடீரென்று அவனுக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒற்றுமையாக இருக்கும் அணிதான் ஜெயிக்கும் என்றது ஒரு கட்சி. அடித்துக்கொள்கிறவர்களும் கோப்பை வாங்குகிறார்களே என்றது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியும் வெள்ளைக்காரக் கல்லூரி மாணவர்களைத்தான் ஆராய்ந்திருந்தன. எட்டு மணி நேரம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு மைதானத்துக்கு வருகிறவனைப் பற்றி நான் தேடிய புத்தகங்களில் ஒரு வரி இல்லை. அந்த வரியை நான் எழுதப் போகிறேன் என்று பேராசிரியரிடம் சொன்னேன். சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எந்தக் கம்பெனி அணியை ஆராய்கிறேனோ அந்தக் கம்பெனி, ஆராய்ச்சி அங்கேதான் நடந்தது என்று தன் தாளில் கடிதம் தர வேண்டும். கடிதம் இல்லையென்றால் அந்த அத்தியாயம் இல்லை.

மெர்சி அக்கா என் பெரியப்பா மகள். பூந்தமல்லியில் கரையான்சாவடிப் பக்கம் வீடு. அத்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். அந்தக் கம்பெனி அணிதான் எனக்குக் கிடைத்தது. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை அக்கா இட்லியும் வடகறியும் வைத்தாள். ஈப்போவில் வடகறி என்று ஒன்று உண்டென்றே யாரும் சொன்னதில்லை. முந்தாநாள் வடை இப்படிக்கூட மறுபிறவி எடுக்குமா என்று வியந்து மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். எஸ்டேட் என்றதும் என் மனம் ரப்பர் மரங்களைத் தேடியது. இங்கே தகரக் கூரையும் புகைக்குழாயும் சைக்கிள் வரிசையும்தான். நிழலுக்கு ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் கீழ் டீக்கடை.

லேபர் ஆபீசர் மரியாதையாகப் பேசினார். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். என் தாளைப் புரட்டினார். அதன் தலைப்பில், "நீங்கள் எழுதுவது கம்பெனியார் கண்ணில் படாது" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தேன். அதை அவர் படித்த மாதிரி தெரியவில்லை.

"தாராளமா செய்யுங்க. சனிக்கிழமை பூந்தமல்லியில ஃபைனல் மேட்ச். அதுக்கப்புறம் லெட்டர் தர்றேன். நீங்க என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எனக்கும் காட்டணும், என்ன?"

நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன். விருந்தாளி வேறென்ன செய்வாள்? அந்தத் தலையாட்டல்தான் அந்த வாரத்தையே கெடுத்தது. அப்போது கதவருகே அணியின் கேப்டன் செல்வராஜ், கடைசல் இயந்திரக்காரர், என்னை மைதானத்துக்கு அழைத்துப் போகக் காத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பூந்தமல்லியிலிருந்து பஸ் ஏறினேன். வானகரம் தாண்டி, அயனம்பாக்கம் ஏரி கண்ணில் பட்டதும் பஸ் இரண்டு தும்மல் போட்டு நின்றுவிட்டது.

"எறங்கு, எறங்கு, அல்லாரும் எறங்கு. தள்ளுனாதான் போவும்" என்றார் கண்டக்டர். எங்கள் ஊரில் பஸ் நின்றால் அடுத்த பஸ் வரும்வரை எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்போம். இங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு இடம் பிடித்தார்கள். நானும் சேலையைச் செருகிக்கொண்டு கை வைத்தேன். என் பக்கத்தில் ஒரு நெட்டையான ஆள், கை வைக்காமல், திரும்பி நின்று முதுகால் தள்ளினார். அவரிடமிருந்து பச்சிலை எண்ணெய் வாசனை தூக்கலாக வந்தது.

"இன்னா நைனா, முதுகால தள்ற?" என்றார் ஒருவர்.

"கை வேல செஞ்சு களைச்சிட்சு. முதுகு சும்மாதான கீது" என்றார் நெட்டை. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தோளும் முழங்காலும் பார்த்துப் பிழைக்கிறவள் நான். அவருடைய வலது கை இடுப்புக்கு மேல் எழவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து மைதானத்துக்குப் போனால், வலைக்கு முன்னால் அதே நெட்டை. தாஸ். அணியின் பெரிய ஸ்மாஷ்காரர் என்று செல்வராஜ் அறிமுகப்படுத்தினார். தாஸ் என்னைப் பார்த்தார், பஸ்ஸை நினைத்துக்கொண்டார், கண்ணைத் தாழ்த்தினார். நானும் பஸ் கதையை எடுக்கவில்லை.

மைதானம் என்றால் கம்பெனிக்குப் பின்னால் செம்மண் தரை. மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார்கள். எங்கள் ஊரில் சாயங்காலம் மழை வந்து ஆட்டத்தைக் கெடுக்கும். இங்கே புழுதி அடங்கினால் ஆட்டம். பாதிப் பேர் அயனம்பாக்கம் பக்கத்து ஆட்கள். அவர்களுடைய அப்பாக்கள் அந்த ஏரித் தண்ணீரில் யாருடைய வயலிலோ நாற்று நட்டவர்கள். பிள்ளைகள் பத்து வருஷத்துக்குள் மைக்ரோமீட்டர் பிடிக்கப் பழகிவிட்டார்கள்.

பத்துப் பேருக்கும் தாள் கொடுத்தேன். கேள்வி மூன்றுதான். உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஆட்டம் இழுபறியாக இருக்கும்போது பந்து யாரிடம் போக வேண்டும்? ஒருவரை வெளியே உட்காரவைத்தே ஆக வேண்டுமென்றால் யாரை?

"பரிட்ச பேப்பர் மாதிரி கீதுக்கா" என்றார் மணி. வலையோரம் நின்று அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர் அவர். "ஊட்டுக்கு எட்த்துனு போயி எய்தி, நாளிக்கி குட்த்துட்றோம்."

ஒப்புக்கொண்டேன். இதைவிடப் பெரிய தப்பை ஓர் ஆராய்ச்சிக்காரி செய்ய முடியாது.

புதன்கிழமை காலையிலேயே பத்துத் தாளும் மடிப்புக் குலையாமல் வந்தன. வீட்டில் அத்தானின் மேஜையில் உட்கார்ந்து படம் போட ஆரம்பித்தேன். ஆளுக்கொரு வட்டம், பிடித்தவரை நோக்கி ஓர் அம்பு. முதல் அம்பு தாஸை நோக்கி. இரண்டாவதும் தாஸ். ஐந்தாவது அம்பில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்தாவதில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எல்லாருக்கும் பிடித்தவர் தாஸ். பந்து போக வேண்டியது தாஸிடம். வெளியே உட்காரவைக்க வேண்டியவர் கேப்டன் செல்வராஜ். பத்துப் பேரும் ஒரே பதில். தாஸுக்கு மிகவும் பிடித்தவர் தாஸ். செல்வராஜ் தன்னையே வெளியே அனுப்பியிருந்தார்.

மெர்சி அக்கா எட்டிப் பார்த்தாள். "இதென்னடி, ஒரு ஆள் மேல இத்தனை ஈட்டி பாயுது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடல் தாண்டி வந்தவளை ஏமாளி ஆக்கிவிட்டார்களே என்று நேரே வேப்பமரத்து டீக்கடைக்குப் போனேன். ஷிப்ட் முடிந்து செல்வராஜ் அங்கே கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். கூழ்க்காரம்மா கேட்காமலே எனக்கும் ஒரு சொம்பு ஊற்றி, கையில் கருவாட்டுத் துண்டு ஒன்றை வைத்தாள். கோபத்தோடு குடித்தாலும் கூழ் நன்றாகத்தான் இருந்தது.

"யார் சொல்லி எல்லாரும் ஒரே மாதிரி எழுதினாங்க?" என்றேன்.

"நான்தான் சொன்னேன்" என்றார் செல்வராஜ், கொஞ்சமும் அசராமல். "யாரையாவது வெளிய வெய்யின்னு கேட்டுகிறீங்கோ. எவன் பேரப் போட்டாலும் அவன் சோத்துல மண்ணு. நான் பர்மனென்ட்டு. என்னை இன்னா பண்ணிட முடியும்? அதான் என் பேரப் போடச் சொன்னேன்."

"தாஸ் பேரு?"

"அவன் ரெண்டு வர்சமா டெம்பரவரி. வாலிபாலுக்காக எட்த்த ஆளு. சனிக்கெயம மேட்ச பாத்துட்டுத்தான் மேனேஜர் முடிவு பண்றாரு. பர்மனென்ட், இல்லாங்காட்டி வெளிய. ஊட்ல அவன் ஒருத்தன் சம்பாத்தியம்தான். நாலு பேர் அவன் பேர எய்துனா நல்லதுதானக்கா?"

"கம்பெனிக்குக் காட்ட மாட்டேன்னு தாள்லயே போட்டிருக்கேனே."

"போட்டுகிறீங்கோ. ஆபீசராண்ட தலைய ஆட்டுனதயும் நான் பாத்துனுதான இருந்தேன்."

கோபம் அத்தனையும் வெட்கமாக மாறி என் மேலேயே திரும்பியது. பத்துப் பேரும் என்னை ஏமாற்றவில்லை. என் தாளைவிட என் தலையை நம்பினார்கள்.

வியாழக்கிழமை தாளை மூட்டை கட்டிவிட்டு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போனேன். வாய் சொல்லாததைப் பந்து சொல்லும் என்று நினைத்தேன். ஓரமாக உட்கார்ந்து, மணி தூக்கிக் கொடுக்கிற ஒவ்வொரு பந்தும் யாருக்குப் போகிறது, எந்த உயரத்தில் போகிறது, எதிரே தடுக்க எத்தனை கை எழுகிறது என்று கோடு கோடாகப் போட்டேன்.

அரை மணியில் விஷயம் புரிந்துவிட்டது. உயரமான பந்து தாஸுக்குப் போகவே இல்லை. எதிர்ப்பக்கம் ஏமாந்து நிற்கும்போது மட்டும், வலையை ஒட்டித் தாழ்வாக, ஊட்டிவிடுகிற மாதிரி ஒரு பந்து போகும். தாஸ் கையை உயர்த்தாமலே விரலால் தட்டிவிடுவார். புள்ளி. பார்க்கிறவர்களுக்குத் தாஸ் பிரமாதமான ஆள். அவருடைய சர்வீஸ் முறை வந்தால், கையை உயர்த்தாமல் கீழிருந்தே போடுவார். பின்னால் கடினமான பந்து வந்தால் செல்வராஜ் குறுக்கே பாய்ந்து எடுப்பார். அந்த அணியே ஒரு தோள்பட்டையைச் சுற்றி நின்று மறைத்து ஆடிக்கொண்டிருந்தது. இப்படி ஓர் ஆட்டத்தைப் பற்றி நான் படித்ததே இல்லை. பேனா பிடித்த விரல் சிலிர்த்தது.

"என்ன எண்ணுறீங்க?" என்று முதுகுக்குப் பின்னால் குரல். லேபர் ஆபீசர். நோட்டைக் குனிந்து பார்த்தார். ஆள் பெயருக்குப் பதில் எண்தான் போட்டிருந்தேன். அதனால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இது என்ன மாதிரிக் கணக்கு என்று விளங்கிவிட்டது. "பேஷ். கேள்வித்தாளைவிட இதுதான் உபயோகம். யார் சரக்கு, யார் சவடால்னு தெரிஞ்சிடும். யாருக்கு எந்த நம்பர்னு எழுதி, நாளைக்கு இந்த நோட்டைக் குடுத்துடுங்க. லெட்டரைக் கையோட வாங்கிக்கலாம்."

இந்த முறை நான் தலையை ஆட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சோறு இறங்கவில்லை. அக்கா வற்புறுத்தி நண்டுக் குழம்பு ஊற்றினாள். கடிதம் இல்லாமல் திரும்பினால் ஒரு வருஷ உழைப்பு வீண். அதற்காக நான் கெஞ்சி வாங்கிய லீவு, ஊரில் என்னைக் கேலி செய்த சக ஆசிரியர்களின் சிரிப்பு எல்லாம் கண் முன்னால் வந்தது. நோட்டைக் கொடுத்தால் தாஸின் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும். கொடுப்பதில்லை என்று பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். யார் முன்னால் சொல்வது என்பதுதான் யோசனையாக இருந்தது. தலையாட்டியதை அவர்கள் பார்த்தார்கள். மறுப்பதையும் அவர்கள் பார்க்கட்டும்.

மைதானத்தில் பத்துப் பேரும் இருக்கும்போது ஆபீசர் வந்து கையை நீட்டினார்.

"தர முடியாது சார்" என்றேன். நோட்டை மூடிப் பைக்குள் போட்டேன். "காட்ட மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். திங்கட்கிழமை உங்ககிட்ட தலையாட்டினது என் தப்பு."

"அப்ப லெட்டர் கிடைக்காதேம்மா."

"சரி சார்."

அவர் என்னைவிடச் செல்வராஜைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு போய்விட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பையிலிருந்து பத்துப் புதுத் தாளும் பத்து உறையும் எடுத்தேன். "இது என்னோட கப்பல் ஏறும். ஈப்போ போய்த்தான் பிரிப்பேன். இங்கேயே, தனித்தனியா உட்கார்ந்து, உண்மையை மட்டும் எழுதுங்க. இஷ்டமில்லாதவங்க எழுத வேண்டாம்" என்றேன்.

செல்வராஜ் முதல் தாளை வாங்கினார். மற்றவர்களைப் பார்த்து, "டேய், அவனவன் தனியா ஒக்காரு. பக்கத்துல எட்டிப் பாத்த, பல்ல ஒடச்சிடுவேன்" என்றார்.

சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவர், வலைக்கம்பத்தடியில் ஒருவர், தண்ணீர்த் தொட்டி மேல் ஒருவர் என்று பரவி உட்கார்ந்தார்கள். ஸ்மாஷ் அடிக்கிற கைகள் பென்சிலைப் பிடித்துத் திண்டாடின. ஒட்டப் பசை இல்லை. டிபன் டப்பாக்களில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை நசுக்கி உறைகளை ஒட்டினார்கள். தாஸின் டப்பாவில் பருப்பும் கீரையும்தான். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கவிச்சி தொடுவதில்லை என்றார். நான் நண்டு தின்றுவிட்டு வந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

"கம்பெனி லெட்டர் இல்லன்னா இன்னாக்கா, நாங்க கீறோம்ல" என்று மணி தன் உறையின் மேல் பெயரையும் கம்பெனியில் தனக்குக் கொடுத்த டிக்கெட் நம்பரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். பேராசிரியர் இதை ஏற்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாங்கிப் பைக்குள் வைத்தபோது கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை பூந்தமல்லி மைதானத்தில் நல்ல கூட்டம். காட்டுப்பாக்கத்திலிருந்தும் குத்தம்பாக்கத்திலிருந்தும் சைக்கிளில் டபுள்ஸ் வந்திருந்தார்கள். எதிர் அணி ஆவடி. ஒவ்வொருவரும் கதவு மாதிரி இருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் மேனேஜர், பக்கத்தில் லேபர் ஆபீசர். நான் சுண்டல் பொட்டலத்தோடு எதிர் ஓரத்தில் நின்றேன். ஒரு கடலைகூட உள்ளே போகவில்லை.

ஆவடிக்காரர்கள் மூடர்களா என்ன? இரண்டாவது செட்டிலேயே தாஸின் தட்டல் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வலைக்கு இந்தப் பக்கம் கை எழும்போதே அந்தப் பக்கம் மூன்று கை எழுந்தது. மணி பந்தை வேறு பக்கம் திருப்பினார். கூட்டம் கத்தியது: "நெட்டைக்குக் குடு, நெட்டைக்குக் குடு."

மேனேஜர் குனிந்து ஆபீசரிடம் ஏதோ கேட்டார். போச்சு என்று நினைத்தேன்.

அப்போது தாஸ் செல்வராஜிடம் ஏதோ சொன்னார். இருவரும் இடம் மாறினார்கள். ஸ்மாஷ்காரர் பின்வரிசைக்குப் போனார். அடிக்க முடியாத ஆள், எடுக்க ஆரம்பித்தார். ஆவடி அடித்த ஒவ்வொரு பந்துக்கும் இடது பக்கமாக விழுந்து, மண்ணில் வழுக்கி, இடது முன்கையால் எழுப்பிவிட்டார். முழங்கை தோல் உரிந்து சட்டை சிவந்தது. இத்தனை நாளாக அவரைச் சுற்றி நின்று மறைத்தவர்களுக்கு அவர் விழுந்து விழுந்து பந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பந்தில் வலது தோளிலேயே விழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எழுந்து நின்று, சிரிக்கிற மாதிரி ஏதோ செய்துகொண்டிருந்தார்.

தோற்றுவிட்டோம். ஐந்தாவது செட்டில், இரண்டே புள்ளியில். 'தோற்றுவிட்டோம்' என்று எழுதுகிறேன் பாருங்கள், ஆராய்ச்சிக்காரி.

மேனேஜர் எழுந்து வந்தார். தாஸின் கையைக் குலுக்கக் கையை நீட்டினார். தாஸ் இடது கையை நீட்டினார். மேனேஜர் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார், மண்ணும் ரத்தமுமாய் இருந்த முழங்கையைப் பார்த்தார், பிறகு தானும் இடது கையையே கொடுத்தார்.

"இவன் ஆர்டரைத் திங்கட்கிழமை டைப் அடிச்சிடுங்க" என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

செல்வராஜ் தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோற்றதற்கு அழுகிறார் என்று கூட்டம் நினைத்திருக்கும்.

கடிதம் வரவில்லை. பேராசிரியர் டிக்கெட் நம்பர்களைப் பார்த்துத் தாடையைத் தடவினார், கையை விரித்துவிட்டார். அந்த அத்தியாயத்துக்காக மறு வருஷம் ஈப்போ ஈயச் சுரங்க அணி ஒன்றைப் பிடித்து, முதலிலிருந்து தொடங்கி, பட்டத்தையும் வாங்கிவிட்டேன். அம்பத்தூரின் பத்து உறைகளும் என் அலமாரியில் தங்கிவிட்டன. அவற்றைப் பற்றி எழுதலாமா என்று தாஸுக்குக் கடிதம் போட்டுக் கேட்டேன். "தாராளமாக எழுதவும் டீச்சர். நான் இப்போது ஆடுவதில்லை. வேலை நிரந்தரம். லைன் அம்பயராகக் கொடி பிடிக்கிறேன், இடது கையில்" என்று பதில் வந்தது.

உறைகளை ஊர் திரும்பிய அன்றே பிரித்திருந்தேன். காய்ந்த சோறு பொடிப்பொடியாக மேஜையில் உதிர்ந்தது. பிடித்தவர் யார் என்பதற்கு ஆளுக்கொரு பதில், சண்டைக்காரர்கள்போல. ஆனால் மூன்றாவது கேள்விக்கு ஒன்பது பேரும் ஒரே பெயரைத் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். தாஸ். தோள் போய்விட்டது, உட்காரவைக்க வேண்டும் என்று காரணமும் எழுதியிருந்தார்கள், பந்தை ஊட்டிவிட்ட மணி உட்பட. மறைத்து ஆடியவர்கள் எல்லாருமே, உட்காரவைக்க வேண்டியவன் என்று தெரிந்தேதான் ஆடியிருக்கிறார்கள். இதற்கு எங்கள் துறையில் அம்பு கிடையாது.

பத்தாவது உறை தாஸுடையது. மூன்றாவது கேள்விக்கு எதிரே, பென்சிலை அழுத்தி எழுதியிருந்தார்:

"தாஸ். ஆனா சனிக்கிழமைக்கு அப்புறம்."